காலிப் பெட்டியில் ஒரு துடிப்பு

பறவைப் பூங்காவில் ஒயர் போகிற எதுவாக இருந்தாலும் அது அவள் பொறுப்பு. கம்ப்யூட்டர், கேமரா, டிக்கெட் மெஷின், மூடும் நேரத்தை அறிவிக்கிற ஒலிபெருக்கி, எல்லாமே. அதனால் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. ஒயரக்கா என்று கேட்டால்தான் வாசல் காவலாளிக்கே ஆள் தெரியும். நாற்பதைத் தொட இரண்டு வருடம் பாக்கி. கழுத்தில் எப்போதும் ஏதாவது ஓர் ஒயர் மாலை மாதிரித் தொங்கும். பறவைகளிடம் அவளுக்குப் பகையும் இல்லை, ஒட்டுதலும் இல்லை. சேர்ந்து ஆறு வருடத்தில் குளக்கரைப் பக்கம் நாலு தடவை போயிருந்தால் அதிகம். அந்த நாலு தடவையும் கேமராவைத் துடைக்கத்தான்.

ஆனால் அவளுடைய மாமா, அதாவது அக்காவின் கணவர், அப்படியில்லை. குஞ்சு பொரிக்கும் அறை அவருடைய ராஜ்யம். பதினெட்டு வருடமாக அங்கேதான் இருக்கிறார். வீட்டில் பிள்ளைகளின் பிறந்தநாளை அக்கா ஞாபகப்படுத்த வேண்டும். எந்த முட்டை எந்தத் தேதியில் இடப்பட்டது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவார்.

அந்த வருடம் அவர் தரையில் கால் பாவாமல் நடந்தார். காரணம், டீச்சர். டீச்சர் என்பது ஒரு பூநாரை. நீண்ட காலும் வளைந்த மூக்கும் இளஞ்சிவப்பு இறகுமாக, குளத்தில் வரிசை கலைத்து நிற்கிற மற்றப் பூநாரைகளைக் கொத்திக் கொத்தி ஒழுங்குபடுத்துகிற குணம் அதற்கு. அதனால் அந்தப் பெயர். ஒன்பது வருடமாக டீச்சரும் அதன் ஜோடியும் சேற்றைக் குவித்துக் கூடு கட்டும், ஒரே ஒரு முட்டை இடும், மாறி மாறி அடைகாக்கும். ஒன்பது வருடமும் கூமுட்டைதான். இந்த வருடம் மாமா முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தபோது, உள்ளே நூல் நூலாகச் சிவப்பு நரம்பு தெரிந்தது. அன்று டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் தொடங்கி, வழி கேட்டு வந்த பார்வையாளர்வரை ஒருவர் விடாமல் சொல்லித் தீர்த்தார்.

அடுத்த வாரமே விடாமல் மழை பிடித்துக்கொண்டது. குளத்து நீர் ஏறிக் கூடுகளின் அடியை அரித்தது. ஆபத்தில் இருந்த இரண்டு முட்டைகளை எடுத்து வந்து, சூடு மாறாத பெட்டிகளில் வைத்தார்கள். கூட்டில் அவற்றுக்குப் பதிலாக மரத்தில் கடைந்து வெள்ளையடித்த முட்டைகள். பூநாரைகள் அதையே முட்டையென்று நம்பிக் கர்மசிரத்தையாக உட்கார்ந்திருக்கும். நீர் வடிந்து, குஞ்சு ஓட்டை உடைக்கத் தொடங்கியதும் நிஜ முட்டையைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டால், தாய்க்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

இடது பெட்டியில் டீச்சரின் முட்டை. வலது பெட்டியில் வேறொரு ஜோடியுடையது. ஒவ்வொரு முட்டைக்கும் அடியில் காபி சாஸர் அளவுக்கு ஒரு தட்டு. அது ஓட்டுக்குள் ஒளியைச் செலுத்தி, உள்ளே இருக்கும் குஞ்சின் இதயத் துடிப்பை எண்ணும். இரண்டு தட்டிலிருந்தும் ஒயர் வந்து மேஜைமேல் இருக்கிற கம்ப்யூட்டரில் சேரும். திரையில் இடது, வலது என்று இரண்டு பொத்தான். எதை அழுத்துகிறோமோ அந்த முட்டையின் எண்ணும் வரைபடமும் வரும். இதையெல்லாம் இணைத்துக் கொடுத்தவள் ஒயரக்காதான். அரை மணி நேர வேலை.

வலது பெட்டி முட்டை முந்திக்கொண்டது. அதில் விரிசல் விழுந்ததும் மாமா அதைக் கூட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். பெட்டியைக் கழுவித் துடைத்து மூடினார். தட்டையும் ஒயரையும் மட்டும் கழற்றவில்லை. அதன்பிறகு திரையில் வலது பொத்தானை அழுத்த யாருக்கும் வேலையில்லாமல் போனது. எல்லோர் கண்ணும் இடதின்மேல். நிமிடத்துக்கு இருநூற்றுப் பத்து, இருநூற்றுப் பதினைந்து என்று டீச்சரின் பிள்ளை துடித்துக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை. ஒயரக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைத்திருப்பாள். மாமா வந்து கதவோரம் நின்றார். உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசிப்பவர் மாதிரித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று அவள் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"காலைல நீ வந்து கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணியே, அப்ப முட்டைக்கு ஏதாவது அதிர்ச்சி போயிருக்குமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. காலையில் அவள் செய்தது, பல நாளாகத் தள்ளிப்போட்டு வைத்திருந்த அப்டேட்டைப் போட்டு கம்ப்யூட்டரை அணைத்து ஏற்றியதுதான். எதையும் தொடவில்லை, எதையும் பிடுங்கவில்லை. ஏன், என்ன ஆச்சு என்றாள், கொஞ்சம் விறைப்பாகவே.

மாமா சொன்னார். பதினொன்றரைக்குத் தீவனம் வைத்துவிட்டு வந்து பார்த்தால் இடது பெட்டியில் பூஜ்யம். வரைபடத்தில் நேர்கோடு. முட்டையைத் தூக்கித் தட்டைத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தார், அதே பூஜ்யம். விளக்கு வைத்துப் பார்த்தார். இருபத்தெட்டாம் நாள் முட்டைக்குள் குஞ்சு நிறைந்து இருட்டாகத்தான் இருக்கும், உயிர் இருந்தாலும் அப்படித்தான், இல்லாவிட்டாலும் அப்படித்தான். பூங்காவின் கால்நடை மருத்துவர் டாக்டரம்மாவுக்குச் சொல்லியாயிற்று. மூன்று மணிவரை பார்ப்போம், மாறாவிட்டால் எடுத்துக்கொண்டு போகிறேன், செத்த முட்டையைச் சூட்டில் வைத்திருந்தால் அழுகி வெடித்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதிலும் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

"காலைல ஏழு மணிக்கு நான் முட்டையைப் புரட்டி வெச்சேன். அப்ப கை கொஞ்சம் வேகமா போயிடுச்சோன்னு தோணுது" என்றார் கடைசியாக. பதினெட்டு வருடத்தில் ஆயிரம் முட்டை புரட்டிய கையை ஏதோ அடுத்தவர் கை மாதிரிப் பார்த்துக்கொண்டார்.

அவளுக்கு இருந்த விறைப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள்.

பொரிக்கும் அறையில் முதலில் அவள் பார்த்தது பெட்டிகளின் சூட்டை. தான் அணைத்து ஏற்றியபோது பெட்டிக்கும் மின்சாரம் போய்விட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம். இல்லை, பெட்டிகளுக்குத் தனி இணைப்பு, ஓர் இம்மிகூடச் சூடு இறங்கவில்லை. அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்து வரைபடத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். பத்து நாற்பதுவரை இருநூற்றுப் பதினான்கு. அப்புறம் கம்ப்யூட்டர் அணைந்திருந்த இடைவெளி. பத்து நாற்பத்தாறிலிருந்து பூஜ்யம்.

அவளுக்குப் பறவை வைத்தியம் தெரியாது. ஆனாலும் இது என்னவோபோல் இருந்தது. ஓர் உயிர் போகிறதென்றால் துடிப்பு தளர வேண்டாமா, தடுமாற வேண்டாமா? கம்ப்யூட்டர் கண்ணை மூடித் திறக்கிற அந்த ஆறு நிமிடத்துக்காகவா காத்திருக்கும்?

யோசனையோடு யோசனையாக விரல் வலது பொத்தானை அழுத்திவிட்டது.

இருநூற்றுப் பதினேழு. எண் துள்ளிக்கொண்டிருந்தது. வரைபடம் அலையலையாக ஓடியது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வலது பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி அது சுத்தமாக, காலியாக இருந்தது. உள்ளே தட்டு மட்டும். மாமா கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். அப்புறம் முழங்கையைத் தடவிவிட்டுக்கொண்டார், மயிர்க்கூச்செறிந்திருந்தது.

"என்ன இது, ஒண்ணுமே இல்லாத பெட்டியில உயிர் இருக்குன்னு சொல்லுது?"

அவள் வலது வரைபடத்தைக் காலையிலிருந்து நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாற்பதுவரை பூஜ்யம். பத்து நாற்பத்தாறிலிருந்து துடிப்பு. பதினொன்று முப்பத்தெட்டில் மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி ஒரு சின்ன வெற்றிடம், இரண்டு நிமிடத்துக்கு.

"மாமா, முட்டையைத் தூக்கித் தட்டைத் தொடச்சேன்னீங்களே, அது எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணரை தாண்டியிருக்கும். ஏன்?"

அவள் எழுந்தாள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டு, இடது பெட்டியிலிருந்து வருகிற ஒயரைத் தடவித் தடவிக் கண்டுபிடித்து, அதைப் பிடுங்கினாள். திரையில் வலது வரைபடம் நின்றுபோனது. திரும்பச் சொருகினாள். துடிப்பு வந்தது.

மாமா அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் மெதுவாகத்தான் அவருக்குள் இறங்கியது. இறங்கியதும் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. செத்துக் கிடந்தது காலிப் பெட்டி, துடிப்பது டீச்சரின் பிள்ளை. பெயர்தான் இடம் மாறியிருந்தது.

எப்படி மாறும் என்று அவர் கேட்டார். அவள் தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சொன்னாள். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் ஒயர் சொருகுகிற ஒவ்வொரு துளையாகப் போய், யார் அங்கே என்று கேட்கும். சொருகியிருக்கிற கருவி, என்னைச் செய்தது இன்னார், நான் இன்ன வகை, என் வரிசை எண் இது என்று மூன்று பதில் சொல்லும். வரிசை எண் வேறுவேறாக இருந்தால் எந்த ஜென்மத்திலும் குழப்பம் வராது. அவள் அந்த எண்ணை இப்போதுதான் எடுத்துப் பார்த்தாள். இரண்டு தட்டிலும் ஒரே எண். செய்தவர்கள் எல்லாவற்றிலும் அதையே பதித்து அனுப்பியிருக்கிறார்கள். அப்புறம் கம்ப்யூட்டர் என்ன செய்யும், பாவம். முதலில் குரல் கொடுத்தது ஒன்று, அடுத்தது இரண்டு என்று பெயர் வைத்துக்கொள்கிறது. இத்தனை நாளும் இடது தட்டு முந்திக்கொண்டது. இன்றைக்கு அப்டேட் போட்டதில் வலது முந்திவிட்டது.

"நீங்களே நிச்சயம் ஆன புதுசுல ஃபோன் பண்ணி, அக்கான்னு நெனச்சு என்கிட்ட அஞ்சு நிமிஷம் உருகலையா? குரல் ஒண்ணு. யார் மொதல்ல எடுத்தாங்களோ அவங்கதான் அக்கா."

"அதை இப்ப எதுக்கு எடுக்கறே" என்றார் மாமா. ஆனால் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

மூன்று மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது டாக்டரம்மா வந்தார். நேரத்தில் கறார், பேச்சில் அதைவிடக் கறார். கையில் ஒரு ஸ்டீல் தட்டு, தட்டின்மேல் பாதி நிரப்பிய இறப்புப் படிவம். மாமா எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒயரக்கா முந்திக்கொண்டாள்.

"மேடம், தப்பு என்னோடது. முட்டை உயிரோட இருக்கு."

வேறு யாராவது சொல்லியிருந்தால் டாக்டரம்மா படிவத்தின் மறுபாதியை நிரப்பிக்கொண்டே கேட்டிருப்பார். இவள் தப்பை முதலில் சொன்னதாலோ என்னவோ, பேனாவை மூடினார். காட்டுங்கள் என்றார். அவள் ஒயரைப் பிடுங்கிக் காட்டினாள், சொருகிக் காட்டினாள். டாக்டரம்மா திருப்திப்படவில்லை. பதினொன்று முப்பத்தெட்டு வெற்றிடத்தைக் காட்டினாள். அதற்கும் தலையசைக்கவில்லை. கையைக் கழுவித் துடைத்து, பெட்டியைத் திறந்து, முட்டையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக் காதோடு வைத்துக்கொண்டார். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மாமா மூச்சை எங்கோ வைத்துவிட்டு நின்றார்.

"கத்துது" என்றார் டாக்டரம்மா.

முட்டையை மாமாவின் காதில் வைத்தார். அப்புறம் அவள் காதிலும். ஓட்டுக்குள்ளிருந்து, கதவிடுக்கில் மாட்டிய காற்று மாதிரி, கீச்சென்று ஓர் இழை. ஒயரக்கா ஆறு வருடத்தில் அந்தப் பூங்காவில் எத்தனையோ பறவைச் சத்தத்தை ஒலிபெருக்கியில் சரிபார்த்திருக்கிறாள். இப்படி ஒன்றை அவள் கேட்டதேயில்லை. கன்னத்தில் ஓட்டின் சூடு பட்டது. அவள் கொஞ்ச நேரம் தலையை எடுக்கவில்லை. டாக்டரம்மாதான், போதும், குளிரப் போகிறது என்று வாங்கி உள்ளே வைத்தார். படிவத்தை நாலாக மடித்துக் கோட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

இனிமேல் இப்படி ஆகாது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்பது அவருடைய அடுத்த கேள்வி. வரிசை எண்ணை நம்பி லாபமில்லை என்று ஒயரக்கா சொன்னாள். ஆனால் ஒரு கருவி எந்தத் துளையில் சொருகியிருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்கு எப்போதும் தெரியும்.

"ஆளைப் பார்த்து அடையாளம் தெரியலைன்னா, உக்கார்ந்திருக்கிற நாற்காலியைப் பார்த்துப் பேர் வெச்சுடலாம் மேடம். மேல் துளையில இருக்கறவங்க இடது, கீழ்த் துளையில இருக்கறவங்க வலது. யார் முந்திக் குரல் குடுத்தாலும் சரி."

"இதை மொதல்லயே ஏன் செய்யலை?"

"சோம்பேறித்தனம்" என்றாள் அவள். வேறு என்ன சொல்வது.

டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் கம்ப்யூட்டரில் நாலு வரி எழுதினாள். அணைத்து ஏற்றினாள், சரியாக வந்தது. இன்னொரு தடவை என்றார் டாக்டரம்மா. ஒயர்களைக் கழற்றி, முதலில் வலதைச் சொருகி, அப்புறம் இடதைச் சொருகச் சொன்னார். நடுவில் ஒன்றைப் பிடுங்கச் சொன்னார். ஏழு தடவை ஆயிற்று. ஏழு தடவையும் இடது இடதாகவே இருந்தது. மாமா ஒரு சிவப்புத் துணியையும் ஒரு நீலத் துணியையும் கிழித்து வந்து ஒயர்களில் கட்டினார். கம்ப்யூட்டருக்கு அது தேவையில்லை, எனக்குத் தேவை என்றார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் ஒயரக்கா பூங்காவைச் சல்லடைபோட்டாள். ஒரே மாதிரி இரண்டு கருவி எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் போய் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். மீன் தொட்டிகளின் வெப்பமானிகள் ஒழுங்காக இருந்தன. நுழைவாயிலிலும் வெளியேறும் வாயிலிலும் ஆட்களை எண்ணுகிற கருவிகள் பெயர் மாறிக் கிடந்தன. பழைய பதிவைத் திறந்தால் ஒரு வருடமாகவே அப்படித்தான். தினமும் காலை பத்து மணிக்கு இருநூறு பேர் வெளியே போயிருக்கிறார்கள். உள்ளே வந்தவர் ஒருவரும் இல்லை. மாலையில் இருநூறு பேர் உள்ளே வந்து அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்த அறிக்கை மாதாமாதம் ஆறு பேர் கையெழுத்தோடு போய்க்கொண்டிருந்தது. அவள் தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு ஆறு கையெழுத்தில் ஒன்று தன்னுடையது என்று பார்த்துவிட்டு இன்னும் சிரித்தாள்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு ஓட்டில் நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல் விழுந்தது. மாமா முதலில் ஃபோன் செய்தது டாக்டரம்மாவுக்கு, இரண்டாவது, மச்சினிக்கு. கூட்டுக்குக் கொண்டுபோகிறோம், நீயும் வா என்றார். நான் எதுக்கு என்று கேட்டாள். குடை பிடிக்க ஆள் வேண்டும் என்றார்.

குடை வெயிலுக்கு அல்ல என்பது குளத்துக்குள் இறங்கிய பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், அதற்குமேல் சேறு. டீச்சர் தூரத்திலிருந்தே அவர்களைப் பார்த்துவிட்டது. கழுத்தை நீட்டி, இறகைச் சிலிர்த்து, ஒன்பது வருடக் கோபத்தையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு கொத்த வந்தது. ஒயரக்கா குடையை விரித்துக் கேடயமாகப் பிடித்தாள். டொக் டொக்கென்று குடையில் விழுந்தது. பின்னாலிருந்து ஜோடிப் பறவை வந்து அவள் முதுகில் ஒன்று வைத்தது. அந்த அமளிக்குள் மாமா குனிந்து மர முட்டையை எடுத்து, மடியில் கதகதப்பாகக் கட்டி வைத்திருந்த நிஜ முட்டையை விரிசல் மேலே தெரிகிற மாதிரிக் கூட்டில் வைத்தார். நகருங்க, நகருங்க என்று கரையிலிருந்து டாக்டரம்மா சத்தம் போட்டார்.

நகர்ந்தார்கள். ஒயரக்காவின் இடது பூட்ஸ் மட்டும் நகரவில்லை. காலை உருவிக்கொண்டு ஒற்றைப் பூட்ஸோடு கரையேறினாள்.

டீச்சர் கூட்டுக்குத் திரும்பியது. உட்காரக் காலை மடக்கப் போய், பாதியில் நின்றுவிட்டது. முட்டையிலிருந்து சத்தம் வந்திருக்க வேண்டும். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. மறுபுறம் சாய்த்து இன்னொரு கண்ணால் பார்த்தது. பிறகு தொண்டைக்குள்ளிருந்து, யாரையும் கொத்துகிற பறவையிடம் எதிர்பார்க்க முடியாத ஒரு தாழ்ந்த குரலில் பதில் சொன்னது. சொல்லிக்கொண்டே உட்கார்ந்தது.

மாமா கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். யாரும் அவரை எழுப்பவில்லை. பத்து மணிக்கு உள்ளே வந்த பார்வையாளர்கள், சேறு பூசிய இரண்டு பேரும் ஒரு டாக்டரும் வேலியோரம் இருப்பதைப் பார்த்து, அங்கே என்ன என்று தாங்களும் நின்றார்கள். அக்காவும் வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி வந்து சேர்ந்தாள். தங்கையின் ஒற்றைப் பூட்ஸைப் பார்த்து என்னடி கோலம் இது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கணவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். டாக்டரம்மாவுக்கு இரண்டு தடவை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. கூட்டத்தில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

இரண்டேகாலுக்கு டீச்சர் எழுந்து நின்றது. கூட்டின் நடுவில், உடைந்த ஓட்டுக்குப் பக்கத்தில், நனைந்த பஞ்சு மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்று கிடந்தது. தலையைத் தூக்கப் பார்த்தது, விழுந்தது. இன்னொரு முறை தூக்கியது; நின்றது. மூக்கு இன்னும் வளையவில்லை, நேராக இருந்தது. அதன் அப்பா தண்ணீருக்குள்ளிருந்து அவசர அவசரமாக நடந்து வந்து கூட்டைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது. டீச்சர் அதையும் ஒரு கொத்து கொத்தி ஓரமாக நிற்கவைத்தது.

வேலியோரத்தில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். ஒயரக்கா தானும் தட்டப் போய், கையில் குடை இன்னும் விரிந்தபடி இருப்பதைப் பார்த்தாள். அதை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சேற்றுக் கையோடு பலமாகத் தட்டினாள்.